ஒரே மூச்சில் பாலத்தைக் கடக்கும் ஓட்டுநர் குறித்து

அனுப்புநர்:
பள்ளிப் பேருந்து உதவியாளர்,
மாடி வீடு, ஓட்டுநர் குடியிருப்பு.

பெறுநர்:
போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
ஓட்டுநர் உரிமப் பிரிவு.

பொருள்: பதினொன்றாம் எண் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநரை உடனே வண்டியிலிருந்து இறக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஓட்டுநர் என் கணவர். பதினாறு வருடங்களில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. இந்த மனுவை நான் கோபத்தில் எழுதவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன்.

2. யோகாவை நான் குறை சொல்லவில்லை. சென்ற வருடம் பள்ளி ஊழியர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். யோகம் என்றால் இணைதல், உடம்பு இருக்கும் இடத்தில் மனமும் இருப்பது என்று ஆசிரியை சொல்லித்தந்தார். விடாமல் செய்ததில், பேருந்துப் படி ஏறி இறங்கித் தேய்ந்த என் முழங்காலில் வலி குறைந்தது. என் கணவருக்கும் நல்ல தூக்கம் வந்தது, எரிந்து விழுவது நின்றது. வீட்டில் நிம்மதி இருந்தது.

3. அதோடு விட்டிருக்கலாம். மூச்சை அடக்க அடக்க ஆயுள் கூடும் என்று யார் பேச்சையோ கேட்டுக்கொண்டு வந்தார். இவரைப் போல் இரத்த அழுத்தம் உள்ளவர் அதன் பக்கமே போகக் கூடாது என்று ஆசிரியை எச்சரித்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் நேரமில்லை என்று வண்டியிலேயே ஆரம்பித்தார். ஒரு நிறுத்தத்தில் மூச்சை இழுத்தால் அடுத்த நிறுத்தத்தில்தான் விடுவார். எண்ணிக்கையை ஸ்டியரிங்கில் விரலால் தட்டுவார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, கூடவே சத்தமாக எண்ணுகிறார்கள்.

4. இப்போது ஆற்றுப் பாலத்தை ஒரே மூச்சில் கடக்கத் துணிந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நடுப்பாலத்தில் விரல் தட்டுவது நின்றது. பிள்ளைகளும் எண்ணுவதை நிறுத்தினார்கள். வண்டி கைப்பிடிச் சுவர்ப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண் விழித்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டதும் என்னிடம் சொன்னது இது: "இன்னும் பதினஞ்சு எண்ணிக்கைதான். வெள்ளிக்கிழமை தாண்டிடுவேன், பாரு."

5. பள்ளி மேலாளரிடம் முறையிட்டேன். சிரித்தார். யோகா செய்யும் முன்மாதிரி ஓட்டுநர் என்று இவர் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதே அவர்தான். குடும்பச் சண்டையை வேலைக்குக் கொண்டுவராதே என்று அனுப்பிவிட்டார்.

6. உரிமம் போனால் குடியிருப்பும் போகும். அதன் பிறகு அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். தெரிந்தேதான் கையெழுத்திடுகிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. மனுக்கள் மீது முப்பது நாளில் நடவடிக்கை என்று தங்கள் அலுவலக வாசலில் எழுதியிருக்கிறது. வண்டி ஏழரைக்குக் கிளம்பும், ஏழு ஐம்பதுக்குப் பாலம் ஏறும். உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள். அதற்கு முன் யாரையாவது அனுப்பிவையுங்கள், ஐயா. அதுவரை அவர் இருக்கைக்குப் பின்னால் தோளைப் பிடித்தபடி நிற்பேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

தங்கள் ஆளை எதிர்பார்த்து நிற்கும்,
(கையொப்பம்)
பேருந்து உதவியாளர், ஓட்டுநரின் மனைவி

இடம்: ஓட்டுநர் குடியிருப்பு
நாள்: வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி