மிஸ் லோரெட்டாவின் படத்துக்கு வந்தவர்கள்

இர்விங்,
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

அன்புள்ள ஹம்சா அக்காவுக்கு,

ரோஷினி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விடவும் மாட்டேன். நீங்கள் லிவர்மோருக்குக் குடிபோன பிறகு நான் எழுதும் ஒன்பதாவது கடிதம் இது. வழக்கம்போலத் தமிழில்தான். தம்பி ரஞ்சித்தால் படிக்க முடியாது என்பது நமக்கு எவ்வளவு வசதி.

அங்கே எல்லோரும் சுகமா? பத்மநாபன் அங்கிள் இன்னும் மலையைத் தாண்டித்தான் தினமும் ஆபீசுக்கு டிரைவ் பண்ணுகிறாரா? ருக்மிணி ஆன்ட்டிக்கு முதுகுவலி குறைந்ததா? எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். நான் மட்டும் நன்றாக இல்லை.

பத்ரி அங்கிளின் தியேட்டரில், இரண்டாவது ஸ்கிரீனில், நடு வரிசையில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். எண்பது இருக்கைகள். என்னையும் சேர்த்து மூன்று பேர். இரண்டரைக்குப் படம்.

மிஸ் லோரெட்டாவை உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டுகிறவர். நீங்கள் எரிமலை மாடலை சீட்டில் மறந்துவிட்டு இறங்கியபோது, வீட்டுக்குக் கொண்டுபோய் உடைந்த முனையை ஒட்டி மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான். அவர் ஒரு படம் எடுத்திருக்கிறார். ஏழு வருடமாக, சனி ஞாயிறுகளில் மட்டும், தெற்கு டாலஸில் தன் தெருக்காரர்களையும் சர்ச் நண்பர்களையும் நடிக்க வைத்து எடுத்தது. ஆரம்பத்தில் ஒரு சினிமா கம்பெனிக்காரர் கதையைக் கேட்டுவிட்டு, கறுப்பினக் குடும்பம் என்கிறீர்கள், ஒரு துப்பாக்கிகூட வரவில்லையே, இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது மிஸ் லோரெட்டாவுக்குக் கோபமே இல்லை. ஜனங்கள் எதற்கு வந்து உட்காருகிறார்களோ அதைத்தானே அவரும் திரும்பத் திரும்பச் சமைப்பார் என்றார்.

படத்தில் வருவது ஒரே ஒரு நாள் காலை. வேலை போன ஒரு அப்பா புது வேலைக்கான நேர்காணலுக்குப் போகச் சட்டையை இஸ்திரி போடுகிறார். சின்ன மகளின் ஒரு ஷூவைக் காணவில்லை. வீடே தேடுகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஷூ கிடைக்கும் இடத்தை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஏன் என்று இன்னும் எழுதத் தெரியவில்லை.

நம் ஊர் ஆன்ட்டிகளும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தமிழில் சப்டைட்டில் எழுதித் தரட்டுமா என்று நான்தான் கேட்டேன். அவர் படத்தின் லிங்க்கை அனுப்பி, இது உனக்கு மட்டும்தான் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு மாதம் எழுதினேன். பிறகு பத்ரி அங்கிளிடம் போய்க் கெஞ்சினேன். நான் நடத்துறது கடைம்மா, லைப்ரரி இல்லை, சீட் காலியா இருந்தா ஏசி மட்டும்தான் படம் பார்க்கும் என்று கிண்டல் செய்தார். ஆனாலும் மூன்று நாள் கொடுத்தார். சனிக்கிழமை பகல் காட்சிக்குப் பாதி அரங்கு நிறைந்தால் இன்னொரு வாரம் தருவதாகவும் சொன்னார். இங்கே இரண்டாவது வாரம் ஓடினால் தாங்களும் எடுக்கிறோம் என்று வேறு ஊர்த் தியேட்டர்காரர்கள் மிஸ் லோரெட்டாவிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லாம் அந்த ஒரு சனிக்கிழமையில்தான் இருந்தது.

எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் செய்தி போட்டேன். புதன்கிழமை வரை வருகிறேன் என்று சொன்னவர்கள் நான்கே பேர். அன்றைக்கு யாரோ லிங்க்கை குரூப்பில் போட்டுவிட்டார்கள். உடனே இதயங்களும் அழுகைப் பொம்மைகளும் குவிந்தன. வருகிறேன் என்றவர்கள் ஐம்பத்திரண்டு பேர் ஆனார்கள். நான் பஸ்ஸில் ஏறியதும் அந்த எண்ணை மிஸ் லோரெட்டாவிடம் சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் அவருடைய சர்ச்சிலிருந்து வந்தவர்கள். மற்ற இருவர் நானும், என்னை விட்டுவிட்டுப் போக வந்து முதல் கால் மணி நேரம் மட்டும் உட்கார்ந்த அப்பாவும்.

அன்று மாலை எங்கள் அபார்ட்மென்ட் குமாரசாமி அங்கிள் வீட்டில், அவர் மகன் கதிருக்குப் பிறந்தநாள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எத்தனை நாளாச்சு இப்படி ஒரு படம் பார்த்து என்று அங்கிள் என் தலையில் கை வைத்தார். வியாழக்கிழமை பெரிய டிவியில் போட்டாராம், பதினோரு பேர் பார்த்தார்களாம், ஹூஸ்டனில் இருக்கும் மச்சானுக்கும் அனுப்பிவிட்டாராம். உன் படத்துக்கு இனி நான்தான் பப்ளிசிட்டி மேனேஜர் என்றார். நேற்றும் இன்று காலையும் குரூப்பில் வருகிறேன் என்று போட்டிருந்தீர்களே அங்கிள் என்று கேட்டேன். அது உன்னை உற்சாகப்படுத்தப் போட்டதும்மா, படம்தான் பார்த்தாச்சே என்றார். அவர் முகத்தில் ஒரு துளி குற்ற உணர்வு இல்லை, அக்கா. நல்லது செய்த முகம்.

அம்மாவும் அப்படித்தான். அவங்க படம் நமக்கெதுக்குன்னு நெனச்சேன் கண்ணு, எங்கப்பாவையே பார்த்த மாதிரி இருந்துச்சு என்று பீன்ஸ் நறுக்கியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தியேட்டருக்குக் கூப்பிட்டால் பார்த்ததையே மறுபடி பார்க்கவா, துணி மடிக்கக் கிடக்குது என்றார். வருகிற வியாழக்கிழமை வெளியாகும் பெரிய நடிகரின் படத்துக்கு எங்கள் வீட்டில் முதல் காட்சிக்கே புக் பண்ணியாயிற்று. அவருடைய போன படத்தை அம்மா நான்கு முறை பார்த்தார். ஒரே வெட்டு குத்து, மனுசனுக்கு ஆகிற படமா எடுக்கிறானுங்க என்று காரில் வரும்போதெல்லாம் திட்டுகிற அப்பாவும் நான்கு முறை கூடவே போனார். திட்டுகிற படத்துக்கு ஏன் போகிறீர்கள் என்று பிறந்தநாள் வீட்டில் எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் கேட்டேன். சத்தமாப் பேசாதே கண்ணு, அங்கிள் ஆன்ட்டியெல்லாம் இருக்காங்க என்று மட்டும் சொன்னார்.

மேலே, யாரோ லிங்க்கைப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன், நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியட்டும். போட்டது நான்தான். பத்து நிமிடம் பாருங்கள், பிடித்தால் சனிக்கிழமை வாருங்கள் என்று எழுதிப் போட்டேன். நம் ஆட்களுக்கு லிங்க் கிடைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? யாருக்காவது ஒன்று கிடைத்தால் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுத்தானே சாப்பிட உட்காருவோம். தெரிந்தும் போட்டேன். நான்கு பேர் என்ற எண்ணை அவரிடம் சொல்லப் பயந்துதான் போட்டேன்.

இன்றைக்குக் கடைசிக் காட்சி. வியாழன் முதல் மூன்று ஸ்கிரீனும் பெரிய படத்துக்கு. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி மிஸ் லோரெட்டா உட்கார்ந்திருக்கிறார். முன்வரிசையில், படத்தில் அப்பாவாக நடித்த மிஸ்டர் ஓட்டிஸ். படத்தில் வரும் அதே சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருக்கிறார்.

சற்று முன்பு மிஸ் லோரெட்டா என்னிடம், உங்கள் ஜனங்கள்மேல் தப்பில்லை, ஒருவேளை நான்தான் ரொம்ப மெதுவாக எடுத்துவிட்டேனோ என்று கேட்டார். அடுத்த கதை எழுதிய நோட்டை இனித் திறக்கப் போவதில்லை என்றும் சொன்னார். எல்லோருக்கும் பிடித்திருந்தது, என் அம்மா அழுதார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், எங்கே பார்த்தார்கள் என்று கேட்பாரே. நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். யாருக்கு எழுதுகிறாய் என்றார். சிநேகிதிக்கு என்றேன். நல்ல செய்தியாக எழுது என்றார்.

அக்கா, மற்றத் தியேட்டர்காரர்கள் எல்லோரும் நேற்றே பின்வாங்கிவிட்டார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் மட்டும் இன்னும் மறுக்கவில்லை. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, மாலை நான்கு மணி, ஒரே ஒரு காட்சி. ருக்மிணி ஆன்ட்டியின் குரூப்புக்கு லிங்க் இதற்குள் வந்திருக்கலாம். வந்திருந்தால் திறக்காமல் அழிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டவர்களையும் கூப்பிடுங்கள். வருகிறேன் என்று சொல்பவர்கள் வேண்டாம், அக்கா. காரில் ஏறுகிறவர்கள் வேண்டும். இருபது பேர் வந்தாலும் போதும். படம் முடிந்ததும் எழுந்து ஓடாமல், பிடித்திருந்தால் பிடித்தது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்களாக இருக்கட்டும்.

இன்றைக்கு இங்கே படம் முடிந்ததும் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவர் எனக்கு எப்போதும்போல குட் மார்னிங் சொல்வாரா என்று தெரியாது. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். எனக்காக முடியாவிட்டால் அவருடைய நோட்டுக்காக.

உங்கள் அன்புள்ள,
ரோஷினி

பி.கு: மிஸ் லோரெட்டா பக்கத்து இருக்கைக்கு வந்துவிட்டார். விளக்குகளை அணைக்கிறார்கள்.