சாக்குக்குள் அழுத குட்டி

திருமேனிநாதர் துணை

எம்.ரெட்டியபட்டி
சித்திரை, வியாழக்கிழமை

அன்பு மகள் வடிவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த நாக்பூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, சொல்லத்தான் கூப்பிட்டேன், ஊறுகாயைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

பருத்தி முடிந்து செடியைப் பிடுங்கியாயிற்று. மேலக்காட்டில் ஆடுகளை ராத்திரி அடைத்துக் கிடை போட்டால் அடுத்த வெள்ளாமைக்கு உரமாகும் என்று, நரிக்குடிப் பக்கத்துக் கிடைக்காரர் கோட்டைச்சாமியை அப்பா வரச் சொல்லியிருந்தார், எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை உச்சிவெயிலில் அவர் நம் வீட்டைத் தேடித் தெருவுக்குள் வந்தார். ஒரு கண் வெள்ளை விழுந்த மனிதர், தோளில் ஒரு சாக்கு. எதிர்வீட்டு மாரிசெல்வத்தின் சின்ன மகள் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள், அவளிடம் குனிந்து வீடு கேட்டிருக்கிறார். அந்நேரம் சாக்குக்குள் பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம். நான் வாசலில் நின்று "பிள்ளை பிடிக்கிறவன், விடாதீக" என்று தெருவே கூடும்படி கத்தினேன். ஓடி வந்தவர்கள் அறைந்தார்கள், சட்டையைக் கிழித்தார்கள். அவர் தடுக்கக்கூடக் கை தூக்கவில்லை, இரண்டு கையாலும் சாக்கை அணைத்துக்கொண்டே நின்றார். பிரித்தால் அன்று காலையில் பிறந்த செம்மறிக்குட்டி, வெயிலில் நடக்கமாட்டாது என்று தூக்கி வந்திருக்கிறார்.

ஆட்டுச் சத்தம் தெரியாதவளா நான், பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தானே. பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிவதாகப் போனில் கண்டதையும் அனுப்புகிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எல்லாரும் எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறார்கள். அது இல்லையடி. எனக்கு ஏழு வயதில் என் அப்பா அருப்புக்கோட்டைத் திருவிழாக் கடையில் வாங்கித் தந்த படக்கதைப் புத்தகம், உனக்கும் சோறு ஊட்டும்போது வாசித்துக் காட்டுவேனே, அதில் பிள்ளைப்பிடிகாரனுக்கு ஒற்றைக்கண், தோளில் சாக்கு. அன்றைக்கு என் கண் கோட்டைச்சாமியைப் பார்க்கவே இல்லை, அந்தப் புத்தகத்துப் படத்தைத்தான் பார்த்தது. அறுபது வயதாகி, பேத்தி எடுத்தும் எனக்கு இந்தப் புத்தி. வெட்கமாக இருக்கிறது.

அவ்வளவுக்குப் பிறகும் மனிதர் கிடையை வேறு காட்டுக்குக் கொண்டு போகவில்லை. "வாரேன்னு வாக்குக் குடுத்தாச்சு" என்றாராம். கிடை கிடக்கிற வரைக்கும் ராத்திரிச் சோறு காட்டுக்காரர் வீட்டிலிருந்துதான் போக வேண்டும் இல்லையா, மூஞ்சியில் முழிக்கப் பயந்து நான் அப்பாவிடமே கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நேற்று அப்பா தூக்குச்சட்டியை என் கையில் திணித்து, "நீ கத்துனதுக்கு நான் எத்தன நாளு தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறது, நீயே போ" என்று சொல்லிவிட்டார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்னைத் தூரத்தில் கண்டதும் அவர் தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டார். "பயந்துராதீக தாயீ, மறைச்சுட்டேன், வாங்க" என்றார். எனக்கு மண்ணோடு மண்ணாகப் போய்விடலாம் போலிருந்தது. "மன்னிச்சிருங்கண்ணே" என்று எப்படியோ சொன்னேன், "அன்னைக்குப் பயந்த அந்தச் சின்னப் புள்ளைக்குக் காச்சல் கீச்சல் இல்லையே" என்று கேட்டார். நான் திரும்பும்வரை அந்தத் துண்டை எடுக்கவில்லை. கிடை போகும்வரை இனி நான்தான் சோறு கொண்டு போவேன்.

வடிவு, தையில் அந்தப் புத்தகத்தைத்தானே பாப்பாவுக்குக் கொடுத்து அனுப்பினேன். அது இல்லாமல் தூங்கமாட்டேன் என்கிறாள் என்று நீ சொன்னபோது ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். கிழிக்கச் சொல்லவில்லை, பார்த்த படம் கிழித்தாலும் போகாது. பிள்ளைப்பிடிகாரன் படம் வரும்போது நிறுத்தி, இதேபோல ஒரு தாத்தா ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவரை உன் அம்மாச்சி அடிவாங்க வைத்தாள் என்று சொல். யாரோ ஒரு பாட்டி என்று மழுப்பாதே, மறக்காமல் என் பெயரைச் சொல்லியே சொல்.

வெயிலில் அலையாதே, பாப்பாவுக்கு மோர் கொடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எல்லாரும் நோய்நொடியின்றி நூறு வருசம் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு, உன் அம்மா
ஜெகதீஸ்வரி