பொதுக் கணிதத்துக்கு ஒரு டிக்

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. உன் மகளின் பாடத்தேர்வுப் படிவம் நேற்று பள்ளி அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தது. பொதுக் கணிதக் கட்டத்தில் உன் டிக். காரணம் எழுதும் இடத்தில், 'அவளுக்கு உயர்கணிதம் வராது.' கணக்கில் அவள் மதிப்பெண் தொண்ணூற்று மூன்று.

இந்த 'வராது' என்ற பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நான் பத்தாவது முடித்த வருடம் அப்பா என் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, நீ பக்கத்தில் நின்று சொன்னாய்: "அவளுக்கு வராதுப்பா. வீணா அழுதுட்டு வந்து நிப்பா." அப்பா தலையாட்டிவிட்டார்.

உயர்கணிதத்தில் தோற்று அதே வகுப்பை நீ இரண்டாம் முறை படிக்கப் போகிறாய், நான் சேர்ந்தால் உன் பக்கத்து பெஞ்சில் உட்காருவேன் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கே அது புரியப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் நீ பொறியாளர் ஆகிவிட்டாய். நான் ஊரார் பிள்ளைகளின் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த வருடம் உயர்கணிதத்தைத் திரும்பப் படிப்பவர்களின் பட்டியலும் நேற்றே வந்தது. முதல் பெயர் உன் மகனுடையது.

உன் படிவத்தை நான் பதியவில்லை. வெற்றுப் படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பேனாவை அவளிடம் கொடு. நீ கையெழுத்தை மட்டும் போடு.

பழையது என் இழுப்பறையில் இருக்கிறது. "ஏன் அத்தை, அப்பா அப்படி எழுதினாரு?" என்று அவள் என்றைக்காவது கேட்டால், எனக்குப் பதில் தெரியும்.

உன் தங்கை,
கணக்கு வராதவள்