குயவர் தீர்த்த யாத்திரையை நிறுத்தும் ஓலை

நலம் நிலைக்க. வெண்ணாவல் நாட்டின் செங்கோலும் ஆறு மலைக் காவலும் உடைய நிலமங்கை நாச்சியாராகிய யாம், நம் குன்றக் கூற்றத்து அதிகாரியும் 'இன்சொற்கடல்' என்னும் பட்டம் பெற்றவருமான விடங்கன் மாறாயருக்கும், அவர் மனைக்கும், உயிரோடு எஞ்சிய அவர்தம் ஆநிரைக்கும் வாழ்த்துக் கூறி விடுக்கும் ஓலை. இவ்விடத்தில் 'மும்மாரி பொழியும் கூற்றம்' என்று எழுதுவது மரபு. பதினாறு மாதமாக அங்கே ஒரு மாரியும் பொழியவில்லை என்று நேற்றுத்தான் அறிந்தோம். ஆகவே அதை விடுத்தோம்.

அரசவைக்கு வரும் ஓலையில் அமங்கலச் சொல் இடம்பெறலாகாது என்பது எம் பாட்டனார் வகுத்த விதி. அவ்விதியை உம்மைப்போல் காத்தவர் எவரும் இலர். ஏரிகள் மூன்றும் வற்றியபோது, 'ஏரிகள் தம் அடிமண்ணையும் காட்டி அருள்கின்றன' என்று எழுதினீர். ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியின்றிக் குடிகள் வாடியபோது, 'மக்கள் நோன்பில் சிறந்து விளங்குகின்றனர்' என்றீர். யாமும் மகிழ்ந்து, அந்நோன்பைப் பாராட்டி உமக்குப் பட்டாடை அனுப்பினோம். அதை நினைக்கும்தோறும் எமக்கு வெட்கமாக இருக்கிறது.

சென்ற ஓலையில், 'சந்தைதோறும் மக்கள் ஒருமனமாய்க் கூடி ஆர்ப்பரிக்கின்றனர். வீடுதோறும் கலங்கள் ஒலிக்கும் மங்கல ஓசை கேட்கிறது. குயவர் நாற்பது குடியும் வரும் முழுமதிக்குள் தீர்த்த யாத்திரை புறப்படுகின்றனர்' என்று எழுதியிருந்தீர். கைக்குழந்தையும் கிழவரும் உடைய நாற்பது குடி, இந்தக் கொடுங்கோடையில் ஒருங்கே எந்தத் தீர்த்தத்துக்குப் போகும் என்று எமக்கு ஐயம் எழுந்தது. அதற்குள் பூதி என்னும் குயத்தி ஆறு நாள் நடந்து எம் வாயிலுக்கே வந்துவிட்டாள். உள்ளே மங்கலமாகவே பேச வேண்டும் என்று வாயிற்காவலன் கூற, தனக்கு அது வராது என்று சொல்லி அங்கேயே அமர்ந்துகொண்டாளாம். நல்லவேளை, எழுப்ப முடியாமல் எம்மிடம் அழைத்து வந்தனர்.

அவள் வாய்மொழி இது. கலியாணத் தரகு செய்து பிழைத்தவன் சாத்தன் மழுவாடி. சொட்டைத் தலையைப் 'பரந்த நெற்றி' என்று சொல்லியே பல மாப்பிள்ளைகளைத் தள்ளிவிட்டவன். பஞ்சத்தில் கலியாணம் நின்றுபோகவே, சந்தையில் உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, உங்களுக்குப் பசிக்கிறது என்று முழங்கினானாம். அவ்வளவுதான்; சந்தையே அழுததாம். அன்று மாலையே 'இடிமுழங்கியார்' என்று தனக்குத்தானே பெயரும் சூட்டிக்கொண்டான். மறுநாள், குயவர் சூளைப் புகையே மேகத்தைத் துரத்துகிறது என்றான். சூளை எரிந்த ஆண்டெல்லாம் மழையும் பெய்ததே என்று எண்ணிப் பார்க்க ஒருவர் வயிற்றிலும் வலு இல்லை. மூன்றாம் நாள், தன்னை நம்புவோர் குயவர் வனைந்த பானைகளை உடைக்க வேண்டும் என்றான். உடைத்தார்கள். நீர் எழுதிய மங்கல ஓசை அதுதான்! நான்காம் நாள், முழுமதிக்குள் ஊரைவிட்டே ஓடிவிட வேண்டும் என்று குயவர்க்குக் கெடு வைத்தான்.

நீயுமா அவனை நம்பினாய் என்று பூதியைக் கேட்டோம். "மொத நாளு நானுந்தான் கை தட்டுனேன், தாயே. பசிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னவன் அவன் ஒருத்தன்தானே" என்றாள்.

ஆகவே எம் ஆணை. இவ்வோலை கண்ட நாழிகையே, நாளும் கோளும் பாராமல், களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கு உலை ஏற்றுக. உலைக்குப் பானை எங்கே என்று நீர் விழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பல்லக்கு வேண்டா, நீரே குயவர் தெருவுக்கு நடந்து சென்று, வாசல் வாசலாகப் பிழை பொறுக்க வேண்டிப் பானை கேளும். அவர்கள் வைதால் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளும். வைத சொற்களில் ஒன்றையும் மங்கலமாக்காமல் அப்படியே எமக்கு எழுதும். கஞ்சி வாங்கக் கலமின்றிக் குடிகளும் அதே வாசலில் வந்துதான் நிற்பர். அவர்களுக்கும் கலம் கொடுப்பதோ மறுப்பதோ குயவர் விருப்பம்.

மழுவாடியைச் சிறையிட வேண்டா. சிறையிட்டால் நம் கஞ்சியைக் குடித்தவனும் அவனுக்காகவே அழுவான். அவன் உரலின்மேல் நின்று பேசட்டும். வயிறு நிறைந்தவன் எவ்வளவு நேரம் நின்று கேட்கிறான் என்று பார்ப்போம். ஆனால் குயவர்மேல் ஒரு கல் விழுந்தாலும் எறிந்தவனையும் ஏவியவனையும் சேர்த்துப் பிடித்து அனுப்புக. பூதியும் எம் குதிரை வீரர் இருபதின்மரும் இவ்வோலையுடனே வருகின்றனர். முழுமதிக்கு இன்னும் நான்கு நாள் உண்டு. ஒரு குடி பெயர்ந்தாலும் அடுத்த தீர்த்த யாத்திரை உம்முடையது.

பாட்டனார் விதி இன்றோடு ஒழிந்தது. இதற்கு நாவல்மர இலச்சினை சாட்சி. இவ்வோலை எழுதியவன் அரண்மனை ஓலைநாயகம் தாமோதரன் குணவன். 'பசி' என்று வரும் இடத்திலெல்லாம் அவன் எழுத்தாணி நகராமல் நின்றமையால், அச்சொல்லை மட்டும் எம் கையாலேயே கீறினோம்.