ஒரு மிளகாய்கூட நசுங்கவில்லை

மார்ச் 10, திங்கள்

வெயில். காற்று இல்லை. காற்று இல்லை என்பதை அடிக்கோடிட்டு எழுதிவைக்கிறேன்.

இடது மணிக்கட்டில் கட்டு. நெற்றியில் புடைப்பு. விமானத்தின் கதி இன்னும் மோசம். முன்சக்கரம் முறிந்து, விசிறி வளைந்து, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு கிடக்கிறது. ஆசிரியர் இல்லாமல் தனியாக ஓட்ட ஆரம்பித்தே சில நாள்தான்.

இறங்க வந்தேன். ஓடுதளம் தொடங்குகிற இடத்தில் சிவப்பாக விரித்துக் கிடந்தது. மிளகாய். ஏறும்போது இல்லை. எஞ்சினை முடுக்கி மேலே போய் இன்னொரு சுற்று வந்திருக்க வேண்டும். முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். நான் செய்தது? மிளகாயைத் தாண்டி இறக்கிவிடலாம் என்று மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். வேகம் செத்து, தொப்பென்று விழுந்து, எகிறி, மறுபடி மூக்கால் விழுந்தது. ஒரு மிளகாய்கூட நசுங்கவில்லை.

மடச்சி. மடச்சி.

ஊரிலிருந்து அய்யா போனில். "அடிகிடி ஒண்ணும் இல்லையே தாயி?" இல்லை என்றேன். "அந்த மொளகாய்க்கு?" போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடி வெயில். கேப்டன் கூப்பிட்டார். விமானம் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான், பள்ளியும் அவர் பொறுப்பு.

"வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வர்றார். திடீர்னு காத்து அடிச்சுதுன்னு சொல்லிடு. மிளகாய்ப் பேச்சே வேண்டாம்."

"காத்து அடிக்கலையே சார்."

"மிளகாயைப் பாத்துப் பயந்துட்டேன்னு சொன்னா எவன்மா உன்னை ஓட்ட விடுவான்? காத்துன்னு சொல்லு, அடுத்த வாரமே தனியா அனுப்புறேன்."

பயமாம். எங்கள் ஊர் முதுகுளத்தூர் ரோட்டில் பாதி அகலத்துக்கு மிளகாய் காயும். லாரிக்காரனே ஒதுங்கித்தான் போவான். ஸ்கூட்டி பழக்கும்போது பிரேக்கைக் காட்டும் முன்னால் அய்யா சொன்னது அதைத்தான். வண்டி ஏறினால் வத்தல் உடைந்து விதை சிதறும், வியாபாரி கழித்துவிடுவான். அது கையிலேயே ஊறிப்போச்சு. இந்த ஆளுக்கு எங்கே புரியும்?

கேன்டீனில் முதுகுக்குப் பின்னால், "மொளகா பைலட் வருது." சிரிப்பு. சாம்பாரில் உப்பு இல்லை.

மார்ச் 12, புதன்

வாங்க: சோப்பு, வலி மாத்திரை, தேங்காய் எண்ணெய்.

ஹாஸ்டல் வாசலில் ஒரு அக்கா. பேர் பாக்கியம். காயப்போட்டது இவள்தான். கையில் ஒரு பை மிளகாய்.

"நீதானா தாயி, ஏத்தாமப் போன புள்ள? நீ நல்லா இருக்கணும். கொழம்புக்கு வச்சுக்க."

கத்திவிட்டேன். "பிளேன் எறங்குற எடத்துல யாருக்கா காயப்போடச் சொன்னா?"

"கத்தாத தாயி. வாட்ச்மேன்தான் கேட்டத் தொறந்துவிடுவாரு. சும்மாவா? ஒங்க கேப்டன் கார்லயும்தான் மூட்டை ஏறுது."

அப்படியா கேப்டன் சார்! மிளகாய் உங்கள் வீட்டுக்கு. காற்று எனக்கு.

பையைத் தூக்கி எறிய நினைத்தேன். முடியவில்லை. கட்டிலுக்கடியில் வைத்தேன். அறை முழுக்க நெடி, தும்மல்.

மார்ச் 13, வியாழன்

கட்டு அரிக்கிறது. படிக்க ஓடவில்லை.

தனியாகப் போன முதல் நாள் நினைப்பு. கீழே கடல், தொண்டிப் படகுகள், பக்கத்து இருக்கை காலி. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே கத்திப் பாடினேன். அது எனக்குத் திரும்ப வேண்டும். வேறொன்றும் வேண்டாம். காற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிடைத்துவிடும். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"காத்து இல்ல சார். மொளகா மேல ஏத்தக் கூடாதுன்னு கை தானாத் தூக்கிருச்சு. சுத்தி வராதது என் தப்பு. மொளகா எப்படி அங்கன வந்துச்சுன்னு கேப்டனக் கேளுங்க."

கேப்டன் ஜன்னலைப் பார்த்தார்.

ஆபீசர் நல்ல மனுஷன்தான். நிதானமாகக் கேட்டார். "மறுபடி கிடக்குதுன்னு வை. எஞ்சின் நின்னுடுச்சு, சுத்தி வர முடியாது. அப்போ?"

ஏத்துவேன் என்று சொல்ல வேண்டும். சின்ன வார்த்தை. வாய் வரவில்லை. அவர் காத்திருந்தார். அப்புறம் பேனாவை மூடினார்.

சாயங்காலம் தெரிந்தது. தனியாகப் பறக்கத் தடை. எதுவரை என்று யாரும் சொல்லவில்லை. கேப்டனிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். கேட்டுக் கிழித்தார்கள். ஓடுதளத்துக் கேட்டுக்குப் புதுப் பூட்டு. பாக்கியம் அக்காவுக்கும் இடம் போச்சு.

மார்ச் 16, ஞாயிறு

ஊருக்கு. ராமநாதபுரத்தில் பஸ் மாறி, ஜன்னல் சீட்டு. மடியில் மிளகாய்ப் பை.

முதுகுளத்தூர் நெருங்கும்போது ரோட்டில் சிவப்பு. டிரைவர் யோசிக்கவே இல்லை. ஒடித்து மண்ணில் இறக்கினார். பஸ் சாய்ந்தது, எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

எனக்கு என்ன வந்ததோ. எழுந்து கத்தினேன். "ஏத்துங்கண்ணே! மேலயே ஏத்துங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் கண்ணாடி வழியே முறைத்தார். "ஏம்மா, நீயெல்லாம் எந்த ஊரு?"

தொண்டி என்றேன்.