விஜயவாடாவுக்குப் போன அட்டைப் பெட்டிகள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
26-8-1973

அன்பு மகன் தர்மனுக்கு அப்பா வேலாயுதம் ஆசி சொல்லி எழுதுவது. காமாட்சியம்மன் கருணையில் நானும் உன் அம்மாவும் தங்கை தேவகியும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், பம்பாய் மழையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசுக்குச் சுகமா என்று கேட்டால் இல்லை. தேவகியை எழுதச் சொன்னால் பூசி மெழுகிவிடுவாள் என்றுதான் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பம்பாய்க் கம்பெனியில் செய்து ரயிலில் அனுப்பிய அட்டைப் பெட்டிகள் ஆடி மாதமே வந்து சேர்ந்தன. தட்டையாக மடித்து வந்த கட்டைப் பார்த்து இது பெட்டியா அப்பளக் கட்டா என்று நான் கேலி பேசியது உண்மை, ஆனால் பிரித்து நிமிர்த்திப் புடவைகளை அடுக்கியதும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு புடவை நகர இடமில்லை, திணிக்க வைக்கோல் வேண்டாம், அடிக்க ஆணி வேண்டாம். பட்டுக்கென்று கொடுக்கிற லாரி வாடகையில் பாதி மாம்பலகைப் பெட்டியின் கனத்துக்கே போகிறது, போன ஊரில் அந்தப் பலகையை அடுப்பில் வைக்கிறார்கள் என்று நீ சொன்னபோதெல்லாம் நாலெழுத்து படித்த வாய் பேசுகிறது என்று நினைத்தேன். நீ சொன்னதுதான் சரி. நாம் பார்சல் கட்டிக் கொடுக்கிற பட்டுக் கடை முதலாளி சிட்டிபாபுவும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இந்த லோடு விஜயவாடா கடைக்கு நல்லபடியாகப் போய், காலிப் பெட்டிகள் மடித்துத் திரும்பி வந்துவிட்டால் தீபாவளிச் சரக்கு முழுக்க உன் பெட்டிதான், வாலாஜாபாத் ரோட்டில் கொட்டகை போட இடமும் தருகிறேன், பையனை வரச் சொல் என்றார். அதை அவசரப்பட்டு உனக்கு எழுதியதும் நான்தான். நீ வரப்போகிறாய் என்று உன் அம்மா உன் கட்டிலை வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி போக்கினாள்.

லோடு கிளம்பியது ஆடிக் கடைசி வெள்ளி. நம் பின்கட்டில் கட்டுகிற எந்தப் பார்சலும் உன் அம்மா மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் வாசல் தாண்டாது, கல்யாணப் புடவை போவது பெண் புருஷன் வீட்டுக்குப் போகிற மாதிரி என்பாள். மரப்பெட்டிக்கு உள்ளே தார்க்காகிதம் ஒட்டியிருக்கும், தெளித்த தண்ணீர் பலகையோடு காய்ந்துவிடும். அன்றைக்கு, மகன் செய்த பெட்டியாயிற்றே என்று வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளி அள்ளித் தெளித்தாள், சொம்பில் இருந்த மிச்சத்தை அடி வரிசையில் ஊற்றியே விட்டாள். நான் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். இது அட்டையாயிற்றே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. லாரியில் மேலே வேறு சரக்கும் ஏற்றியிருக்கிறார்கள். விஜயவாடாவில் இறக்கும்போது அடிப் பெட்டிகள் ஊறி நசுங்கி, அட்டையின் பழுப்பு புடவைக் கரையில் ஏறியிருந்ததாம். புடவைகள் திரும்பி வந்தன. முகூர்த்தத்துக்குக் கேட்டவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

உன் புள்ள பெட்டி கவுத்துடுச்சிபா வேலாயுதம் என்றார் முதலாளி. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தண்ணீர் விஷயத்தைச் சொன்னால் உன் அம்மா கை ராசியில்லாத கை என்று தெருவில் நாலு பேர் பேசுவார்கள், நீயாவது தூரத்தில் இருக்கிறாய், அவள் இந்தத் தெருவில் நடக்க வேண்டியவள் என்று என் புத்தி போயிற்று. தேவகி சும்மா இருந்தாளா, முதலாளி சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் தலைகூட வாராமல் உன் அம்மா நேரே கடைக்கு வந்து நின்றாள். பெட்டி மேல குத்தம் இல்லீங்க, நான்தான் தண்ணிய ஊத்தினேன், எம் புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க என்றாள். அவர் திட்டவில்லை, உட்காரச் சொன்னார். நீ நல்ல மனசோட தெளிச்சமா, அதுல தப்பில்ல, ஆனா ஒரு சொம்புத் தண்ணியவே தாங்கலியே, நெல்லூராண்ட மழ புடிச்சிக்கினா என்னா பண்றது என்று கேட்டார். நியாயமான கேள்விதானே தர்மா. தீபாவளிச் சரக்கு மரப்பெட்டியில்தான் போகிறது, கொட்டகைப் பேச்சும் அதோடு போயிற்று. நீ வருவாய் என்று நாங்கள் கட்டிய கோட்டையெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை ஒரு லோடு கிளம்பியது. சொம்பை எடுத்துக்கொண்டு வா என்று கூப்பிட்டேன். எங் கையி வேணாங்க, நீங்களே அனுப்பிடுங்க என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள். நானே தெளிக்க எனக்குக் கை வரவில்லை. பெட்டிகள் அப்படியே காய்ந்தபடி வாசல் தாண்டிப் போயின. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் விடாமல் செய்தது அது.

நீ கோபத்தில் கம்பெனியில் யாரிடமும் வாய் கொடுக்காதே. மழையில் நனைந்து ஈரத் தலையோடு படுக்காதே, ராத்திரி ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். ஆயுசோடும் நல்ல பேரோடும் நீ இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மெழுகு பூசுவாயோ வேறு எது பூசுவாயோ எனக்குத் தெரியாது, சொம்போடு கவிழ்த்தாலும் ஊறாத பெட்டி ஒன்று செய்து அனுப்பு. முதலாளி பேருக்கு வேண்டாம், உன் அம்மா பேருக்கு அனுப்பு. காலிப் பெட்டி போதும். வாசலில் வைத்து அவள் கையில் சொம்பைக் கொடுத்து ஊற்றச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வேலாயுதம்