அண்ணாவின் காதுக்கு நான் தெரிவு செய்தது

கடலால் வந்ததும் வாசலில் நின்று முதலில் என் பெயரைக் கூப்பிடுகிற என் அப்பாவுக்கு,

நுளம்பு கடிக்காமல் கட்டிய வலைக்குள் இருந்து போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். என் தலையணைக்குக் கீழே அண்ணாவின் இயர்பட் இரண்டும் அவற்றின் சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. இன்று பின்னேரம் அவர் கடலுக்குப் போகமுதல் அவருடைய பையில் இருந்து நான்தான் எடுத்தேன். அவர் வீடு முழுக்கத் தேடினார். என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். யாருடைய முகத்தையும் பார்த்து நான் இப்படிப் பொய் சொன்னதில்லை, அப்பா. பயமாக இருக்கிறது.

ஏன் எடுத்தேன் என்று உங்களுக்காவது முழுதாகச் சொல்லவேண்டும்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு படகை விற்கக் கூடாது என்று அண்ணாதான் நின்றார். உங்களோடு கடலுக்கு வந்த அந்தோனி மாமாவும், “உன்ர கொப்பரோட இருவது வருசம் போனனான், உன்னோடயும் வாறன்” என்று சேர்ந்துகொண்டார். இரவில் கடல், பகலில் நித்திரை. ஆனால் பகலில் எங்கே நித்திரை? எங்கள் மதிலுக்கு அங்கால் உள்ள ஐஸ் கொம்பனியில் இப்போது பெரிய மெஷின் ஒன்று பூட்டியிருக்கிறார்கள். இரவு பகல் ஒரே இரைச்சல். மேசையில் தேத்தண்ணி வைத்தால் அதன் மேல் வட்டம் வட்டமாக நடுங்கும். அதோடு அண்ணாவுக்குப் படகு எஞ்சினை நிறுத்திய பிறகும் காதுக்குள் எஞ்சின் ஓடுகிறதாம். ஒரு நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே தூங்கி விழுந்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

அந்தக் கிழமைதான் கட்டாரில் இருக்கும் சித்தப்பா, லீவில் வரப்போவதாகவும் எனக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டார். ஓ.எல். சோதனைக்குப் படிக்க ஒரு மேசை லாம்பு கேட்க நினைத்திருந்தேன். அண்ணாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மாற்றிச் சொன்னேன்.

“காதுக்குள்ள வைக்கிறது சித்தப்பா. வயர் இல்லாதது. வெளிச் சத்தத்தைக் குறைக்கிறது.”

“அதில நூறு சாதி இருக்குது பிள்ளை. நீயே பாத்துப் படம் அனுப்பு. பிறகு முகத்தைத் தூக்கி வைக்கக் கூடாது.”

மூன்று கிழமை பார்த்தேன், அப்பா. விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் முழுக்க அதுதான். என் சிநேகிதி மன்னார் கடைத்தெருவில் வாங்கிய மலிவான சோடியின் பெட்டியிலும் சத்தத்தைக் குறைக்கும் என்று போட்டிருந்தது. காதில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. தேடி வாசித்த பிறகுதான் விளங்கியது. அது நாங்கள் போனில் பேசும்போது மறுபக்கத்தில் இருப்பவருக்கு இரைச்சல் போகாமல் தடுப்பதாம். போட்டிருப்பவர் காதுக்கு ஒன்றும் செய்யாது. பிறகு வேறு யோசனைகள். அண்ணா சரிந்து படுப்பவர், வெளியே தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் குத்தும். ஈரக் கைக்குத் தொட்டால் வேலை செய்வது சரிவராது, அமத்துகிற பட்டன் வேண்டும். அவருடைய இடக்காதுத் துவாரம் சின்னது, அதற்குச் சின்ன றப்பர் வேண்டும். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு நித்திரைக்காவது நிற்கவேண்டும்.

அண்ணா கொப்பியை எட்டிப் பார்த்துச் சிரித்தார். “எனக்குப் பொம்பிளை பாக்கேக்கயும் நீயே பார் தங்கச்சி. இவ்வளவு குறிப்பெடுக்க ஒரு தரகருக்கும் பொறுமை இல்லை.”

கடைசியில் ஒன்றைத் தெரிவு செய்தேன். விடாமல் ஒரே மாதிரி வரும் தாழ்ந்த இயந்திர இரைச்சலை அது மிக நன்றாகக் குறைக்கும், மனிதர் பேசுவது ஓரளவு கேட்கும் என்று எழுதியிருந்தது. ஐஸ் கொம்பனிக்கென்றே செய்ததுபோல இருந்தது. அந்த வரியின் கீழ் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன்.

சித்தப்பா கொண்டுவந்த அன்றே அண்ணா கட்டிலில் படுத்துப் போட்டுப் பார்த்தார். நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

“அண்ணா, கேக்குதோ?”

“உன்ர குரல் கேக்குது. ஐஸ் கொம்பனிதான் செத்துப்போச்சு!”

“சாவுக் கதை கதையாதை” என்று அம்மா குசினி அடுப்படியில் இருந்து ஏசினார். அவர் ஏசியதும் அண்ணாவுக்குக் கேட்டது. அன்று அவர் ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டார். அம்மா மூன்று தரம் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

கொஞ்ச நாளில் கடலுக்கும் கொண்டுபோகத் தொடங்கினார். படகு எஞ்சினின் சத்தத்துக்கு நல்லதாம். எஞ்சினை நிறுத்திய பிறகும் கழற்றமாட்டாராம்; தொப்பிக்குக் கீழே இருப்பதால் மாமாவுக்கும் தெரியாது. “மாமா கூப்பிட்டாக் கேக்குமோ?” என்று அம்மா கேட்டார். “இவள் கூப்பிட்டது கேட்டது தானே” என்று அண்ணா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி ஓம் என்றேன். 

வலையைக் கடலில் விட்டு எஞ்சினை நிறுத்தினால் ஒருவர் படுக்க ஒருவர் காது கொடுத்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று அண்ணாவைப் பழக்கியது நீங்கள்தான். அக்கரையில் இருந்து வரும் பெரிய இழுவைப் படகுகள் இருட்டில் கண்ணுக்குத் தெரியமுதல் காதுக்குத் தெரியும் என்பீர்கள். ரோலர் என்று சொல்லும் அந்தப் படகு தூரத்தில் வருவது எப்படி இருக்கும் என்று நான் கேட்டபோது, வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று செய்து காட்டினீர்கள்.

போன சனிக்கிழமை இரவு காது கொடுத்துக்கொண்டு இருப்பது அண்ணாவின் முறை. ஞாயிறு பூசை முடிந்து அந்தோனி மாமா எங்கள் முற்றத்துக்கு வந்தபோதுதான் நடந்தது எனக்குத் தெரிந்தது.

“நித்திரை வந்தா என்னை எழுப்பியிருக்கலாம் தானே, தம்பி?”

“நான் நித்திரை கொள்ளேல்ல மாமா. முழிச்சுத்தான் இருந்தனான்.”

“முழிச்சிருந்த ஆளுக்கு ரோலர் வாறது கேக்கேல்லையோ? படகு ஆடித்தான் எனக்கு முழிப்பு வந்தது. அவங்கட லைற் முகத்தில அடிக்குது. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தா உன்ர கொம்மாவுக்கு ஆர் வந்து பதில் சொல்லுறது?”

“கடவுளாணை கேக்கேல்ல. நீங்கள் நித்திரையில பல்லுக் கடிச்சதுகூடக் கேட்டது மாமா, அது கேக்கேல்ல.”

மாமா நம்பவில்லை. பாதி வலையை ரோலர் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரையில் இளம் பொடியன்கள், “நித்திரை ராசா வாறார், தலகாணி ஒண்டு குடுங்கோடா” என்று கத்தினார்களாம்.  அன்று பின்னேரம் கிணற்றடியில் அண்ணா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தங்கச்சி, காது செவிடாப் போறது போறவைக்குத் தெரியாதாமே?”

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. திங்கட்கிழமையும் அதையே காதில் வைத்துத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

இன்று மத்தியானம் அவர் குளிக்கும்போது சும்மாதான் எடுத்து என் காதில் வைத்தேன். மதிலடியில் நின்று பட்டனை அமத்தினேன். ஐஸ் கொம்பனி இல்லாமல் போனது. காகம் கரைவது கேட்டது. அம்மா தேங்காய் துருவுவது கேட்டது. அண்ணா வாளியை வைப்பது கேட்டது. மெஷின் மட்டும் இல்லை. கழற்றினேன், “ம்ம்ம்” என்று வந்தது. திரும்ப வைத்தேன், போய்விட்டது. அப்பா, நீங்கள் வாயால் செய்து காட்டிய அதே சத்தம்.

நாங்கள் குரலை வைத்துச் சோதித்தோம். குரல் கேட்டால் எல்லாம் கேட்கும் என்று நினைத்தோம். எஞ்சினை வைத்துச் சோதிக்க இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோடு போட்டு வாசித்த எனக்கே தோன்றவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தெரிவு செய்த சாமானால் இரண்டு உயிர் போகப் பார்த்தது என்று எப்படிச் சொல்வது? ஒரு பள்ளிக்கூடப் பெட்டையின் கதையைக் கேட்டுக் கடலில் காதை அடைத்தவனோடு வரமாட்டேன் என்று அந்தோனி மாமா நின்றுவிட்டால்? அதனால் சொல்லாமல் எடுத்து ஒளித்தேன். அண்ணா பையை உதறிக் கொட்டினார், கதவை அடித்துச் சாத்தினார். “நேரம் போகுது, வந்து தேடு” என்று அம்மா அனுப்பிவைத்தார்.

இப்போது அவர் வெறும் காதோடு இருக்கிறார். அதை நினைத்தால் நிம்மதி. ஆனால் இன்னொரு பயமும் இருக்கிறது. அவருடைய காதும் உண்மையாகவே பழுதாகி இருந்தால்? அவர்கள் வலை விடும் இடத்தில் சிக்னல் இல்லை. யாரிடம் கேட்பேன்?

இந்த இடத்தில் அம்மா வந்துவிட்டார், அப்பா. வெளிச்சத்தைக் கண்டிருக்கிறார். நான் தாளை மறைத்தேன். அவர் நேரே தலையணைக்குக் கீழே கையை விட்டுப் பெட்டியை எடுத்தார்.

“நீ எடுக்கேக்க பாத்தனான்.”

“அப்ப ஏன் அண்ணாவிட்டச் சொல்லேல்ல?”

“நீ காரணம் இல்லாமல் களவெடுக்கிற பிள்ளை இல்லை. இப்ப சொல்லு.”

எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையோடுதான் சொன்னேன். அம்மா இரண்டையும் காதில் வைத்து, பட்டன் எங்கே என்று கேட்டு அமத்தினார். மதில் பக்கம் தலையைத் திருப்பினார்.

“மெஷின் இல்லை” என்றார். “நீ அழுறதுதான் கேக்குது.”

கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு என் கண்ணைத் துடைத்தார். “விடிய அவனுக்குச் சொல்லு.”

“ஏசுவார் அம்மா.”

“ஏசட்டும். அவன் தன்ர காதுக்குப் பயந்துகொண்டு கடலுக்குப் போறான். உனக்குக் காரணம் தெரியும். தெரிஞ்சுகொண்டு அவனைப் பயப்பட விடுவியோ?”

எனக்கு நான் ஏச்சு வாங்குவதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவருடைய பயத்தை நான் நினைக்கவே இல்லை, அப்பா.

எழும்பும்போது தாளைப் பார்த்துவிட்டார். “அப்பாவுக்கோ? சின்னனா எழுதி முடி. அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கிற மனிசன், ரெண்டு நாள் எடுக்கும்.” சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

ஆகவே முடிக்கிறேன். விடிய அம்மாவும் நானும் கரைக்குப் போகிறோம். அண்ணாவிடம் தனியாகச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். அது போதாது. அவரை நித்திரை ராசா என்றவர்கள் எல்லாரும் அங்கே வலையில் இருந்து மீன் தட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தோனி மாமாவும் நிற்பார். அவர்களுக்கு முன்னால் சொல்வேன். அண்ணா அன்று முழித்துத்தான் இருந்தார், இதைத் தெரிவு செய்து அவர் காதில் வைத்தது நான், பிழையாகச் சோதித்ததும் நான் என்று சொல்வேன். நம்பாதவர்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று தாங்களே போட்டுப் பார்க்கட்டும். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லி முடிப்பேன். பெட்டியை அண்ணாவின் கையில் திருப்பிக் கொடுப்பேன், வீட்டுக் கட்டிலில் மட்டும் என்று சொல்லி.

அதன் பிறகு அவர் என்னோடு ஒரு மாதம் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. அவருடைய சொல்லை மாமா நம்பினால் போதும்.

உங்கள் மகள்,
அண்ணாவின் ஒரே தங்கச்சி